வீட்டில் எதற்குத் திட்டுவார்கள் என்று கேட்ட தமிழக்கா

செய்முறைத் தேர்வுப் பதிவேட்டின் முகப்புத் தாளை அச்செடுப்பதற்காக அன்று காலை வலங்கைமான் பேருந்து நிலையத்தில் இறங்கினேன். கையில் பென்டிரைவ் இருந்தது. தமிழ்ச்செல்வி அக்காவின் கணினி மையம் பூட்டிக் கிடந்தது. பக்கத்து டீக்கடை அண்ணன் என்னைப் பார்த்தால் "வாங்க படிப்பாளி" என்று கேலி செய்யாமல் விடமாட்டார். அன்று கேலி செய்யவில்லை. கழுவிய டம்ளரையே திரும்பவும் கழுவிக்கொண்டிருந்தார்.

"பாப்பா, தமிழு எறந்துபோச்சும்மா," என்றார். "நேத்து தலவலின்னு சொல்லுச்சு. நாந்தான் சுக்குக்காப்பி போட்டுக் குடுத்தேன். பாதி குடிக்கல, சாஞ்சிருச்சு. தஞ்சாவூருக்குக் கொண்டுபோயும் ஒண்ணும் பண்ண முடியல. மூளையில ரத்தம் கசிஞ்சிருக்காம்."

பூட்டிய ஷட்டரின் முன் கொஞ்ச நேரம் நின்றேன். கையில் காகிதங்களோடு இரண்டு பேர் என்னைப் போலவே விஷயம் தெரியாமல் வந்து நின்றார்கள். டீக்கடை அண்ணன் அவர்களிடமும் அதே வார்த்தைகளைத் தொடக்கத்திலிருந்து சொன்னார், சுக்குக்காப்பி உட்பட.

இந்த நினைவுக் கூட்டத்தில் படிக்க ஏதாவது எழுதி வா என்று எங்கள் தமிழாசிரியை சொன்னார். அக்காவைப் பற்றி உங்களுக்குத் தெரியாததை நான் சொல்லிவிடப் போவதில்லை. இங்கே இருக்கிறவர்களில் பாதிப் பேராவது அந்த மையத்தின் சுவரோர பெஞ்சில் உட்கார்ந்திருப்பீர்கள். மற்றவர்களை யாராவது அங்கே இழுத்துக்கொண்டு போயிருப்பார்கள். எனக்குத் தெரிந்ததை மட்டும் எழுதுகிறேன்.

அந்த மையத்தில் மற்ற மாதங்களில் பட்டா நகல், சாதிச் சான்று, ரேஷன் அட்டைத் திருத்தம் என்று வேலை நடக்கும். பிளஸ் டூ முடிவு வந்துவிட்டால் எல்லாம் மாறிவிடும். அந்த நாட்களில் நம் ஊர்களில் என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். மதிப்பெண் வீட்டுக்குத் தெரிவதற்கு முன்பே எந்தெந்தக் கல்லூரியிலிருந்தோ போன் வரும். கடைத்தெரு முழுக்க பிளக்ஸ் கட்டுவார்கள். இலவசப் பை கொடுத்துவிட்டு, பெயரும் போன் நம்பரும் எழுதிக்கொண்டு போவார்கள். கணினியில் பட்டியலைத் திறந்தால் கீழே தள்ளத் தள்ள முடிவே இருக்காது. கணினி சம்பந்தப்பட்ட படிப்பு மட்டுமே விதவிதமான பெயர்களில் வந்துகொண்டிருக்கும். அதில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியவர்களோ, அதுவரைக்கும் சட்டைத் துணியைக்கூடத் தாங்களாக எடுத்திராத பிள்ளைகள்.

அதனால் நம்மவர்கள் ஒரு சுலபமான வழி கண்டுபிடித்திருந்தார்கள். எந்தக் கல்லூரியின் பஸ் நம் ஊர் வழியாக வருகிறதோ அந்தக் கல்லூரி. அதில் எந்தப் படிப்பில் இடம் இருக்கிறதோ அந்தப் படிப்பு. எங்கள் தெருவில் ஒரே பஸ்ஸில் ஏறிப் போய் ஒரே படிப்பைப் படித்துவிட்டு வந்த அண்ணன்கள் ஒரு வரிசைக்கு இருக்கிறார்கள். ஒருவருக்கும் அந்தப் படிப்பில் வேலை இல்லை.

தமிழக்கா இந்த வழியை ஏற்றுக்கொள்ளவே இல்லை. பிள்ளையை எதிரே நாற்காலியில் உட்கார வைப்பார். பெற்றவர்களைப் பெஞ்சுக்கு அனுப்புவார். 'என்ன படிக்க ஆசை' என்று பிள்ளையிடம் கேட்கமாட்டார். "அதக் கேட்டா யார்கிட்டயோ கேட்டதச் சொல்லும்," என்பார். பெஞ்சின் பக்கம் திரும்பி ஒன்றே ஒன்றுதான் கேட்பார்.

"வீட்டுல இத எதுக்குத் திட்டுவீங்க?"

மதிப்பெண்ணைப் பற்றிப் பெருமையாகப் பேசத் தயாராக வந்தவர்கள் முதலில் திகைப்பார்கள். பிறகு மடை திறந்த மாதிரி வரும். ஒருமுறை ஒரு அப்பா தன் மகனைப் பற்றிச் சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. "எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் மானத்த வாங்குறான்ங்க இவன். உக்காந்து சாப்புட மாட்டான். பந்தியில அங்குட்டும் இங்குட்டும் நடந்து யாருக்குச் சாம்பார் வரல, எந்த எலயில பாயசம் இல்லன்னு பாத்துக்கிட்டே இருப்பான். சமையக்காரனே என்னப் பாத்து, உன் பையனா இவன்னு கேக்குறான்." அந்தப் பையன் தலையைக் குனிந்துகொண்டான். அக்கா அவனிடம், "பந்தியில எந்த வரிசைப்பா முதல்ல எந்திரிக்கும்?" என்று கேட்டார். அவன் நிமிர்ந்து சொல்ல ஆரம்பித்தான். ஜெராக்ஸ் எடுக்க நின்றவர்கள்கூட வேலையை மறந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவன் இப்போது ஹோட்டல் நிர்வாகம் படிக்கிறான். இந்தக் கூட்டத்தில் சாப்பாட்டுப் பொறுப்பு அவனுடையது.

"ஆச இருக்குற எடத்துலதான் திட்டு விழும். ஏன்னா அங்கதான் புள்ள நம்ம பேச்சக் கேக்காது." இது அக்கா அடிக்கடி சொன்னது.

என் அக்கா கவிதாவின் விஷயத்தில் இந்தக் கேள்வி தோற்றது. அதைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வேண்டும்.

கவிதா பிளஸ் டூவில் நல்ல மதிப்பெண் வாங்கியிருந்தாள். எங்கள் அப்பா குத்தகைக்கு நிலம் எடுத்து நடவு செய்பவர். அவருடைய அப்பா காலம் வரை எங்கள் குடும்பத்தில் எல்லோரும் பிறர் நிலத்தில் கூலி வேலைதான். அதனால் கவிதாவின் படிப்பு எங்கள் வீட்டில் சாதாரண விஷயம் இல்லை. சிங்கப்பூரில் இருக்கும் சித்தப்பா தினமும் வீடியோ காலில் வந்து கம்ப்யூட்டர் என்றார். அம்மா நர்ஸ் என்றார். பக்கத்து வீட்டு மாமா பேங்க் பரீட்சை என்றார். கவிதா எல்லோரிடமும் சரி என்றாள்.

விண்ணப்பத்துக்குக் கடைசி நாளுக்கு முந்தைய நாள் நால்வரும் மையத்துக்குப் போனோம். குறுவை நாற்றங்காலில் இருந்து நேராக வந்ததால் அப்பாவின் காலில் சேறு காய்ந்திருந்தது.

"ஏம்மா தமிழு, கம்ப்யூட்டர் படிப்பயே போட்டு விட்டுரும்மா," என்றார் அப்பா. "தம்பி சொல்லிட்டான். அந்தக் காலேஜ் பஸ்ஸும் நம்ம வளவுலயே நிக்கிது."

"பொண்ணு என்ன சொல்லுதுண்ணே?"

"அது என்ன சொல்லப்போவுது? நாம சொன்னாக் கேக்கும்."

அக்கா கவிதாவைப் பார்த்தார். கவிதா, "எதுன்னாலும் சரிக்கா," என்றாள்.

அக்கா பெஞ்சின் பக்கம் திரும்பித் தன் கேள்வியைக் கேட்டார். அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இவளையா? இவள எதுக்குத் திட்டணும்? தங்கம் தமிழு இது. திட்டெல்லாம் இந்தா இருக்கே, இதுக்குத்தான்," என்று என்னைக் காட்டினார். நான் புத்தகத்திலிருந்து தலையை நிமிர்த்தாமல் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"இல்லக்கா, யோசிச்சு ஒண்ணாச்சும் சொல்லுங்க."

"ஒண்ணுமே இல்லம்மா," என்றார் அப்பா பெருமையாக. "பெத்ததுலேருந்து ஒரு வார்த்த சொன்னதில்ல."

அக்கா விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துவிட்டார். கவிதாவைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "பாவம்டி நீ," என்றார்.

அம்மாவுக்கு முகம் மாறிவிட்டது. "என்ன தமிழு, நல்ல புள்ளையப் பாத்துப் பாவங்குற?"

"நல்ல புள்ளதாங்க்கா. அதனாலதான் சொல்றேன். யாருக்கும் தொந்தரவு குடுக்காம தனக்குப் புடிச்சத எங்கயோ ஒளிச்சு வச்சிருக்கு. எங்கன்னு எனக்குத் தெரியல. நாளக்கிச் சாயங்காலம் வரைக்கும் நேரம் இருக்கு. நாளக்கி வாங்க. இன்னிக்கு நான் போட மாட்டேன்."

அப்பாவுக்குக் கோபம். நாற்றங்காலுக்குத் தண்ணீர் வைக்க வேண்டும், நினைத்தபோதெல்லாம் வர முடியாது, வேறு கடையில் போட்டுக்கொள்கிறோம் என்றார். "தாராளமாப் போங்கண்ணே. அங்கயும் இதே லிஸ்ட்டுதான் இருக்கும்," என்றார் அக்கா. குரலில் கோபம் இல்லை.

வேறு கடைக்குப் போகாததற்குக் கவிதாதான் காரணம். வீட்டுக்குத் திரும்பும் வழியில் ஆற்றுப் பாலத்தருகே சைக்கிளை நிறுத்திவிட்டு அழுதாள். ஏன் என்று கேட்டால் தெரியவில்லை என்றாள். அவள் அழுது நாங்கள் பார்த்ததில்லை. பின்னால் வண்டியில் வந்த அப்பாவும் அம்மாவும் இறங்கி நின்றார்கள். "சரி, நாளக்கி அந்தத் தமிழுகிட்டயே போவோம்," என்றார் அம்மா.

மறுநாள் அக்கா பெஞ்சில் இருந்தவர்களிடம் எதுவும் கேட்கவில்லை. என்னைக் கூப்பிட்டார்.

"கயலு, நீ சொல்லு. நீ ஒங்க அக்காகூட எதுக்குடி சண்ட போடுவ?"

என்னிடம் அப்படி யாரும் கேட்டதில்லை. ஆரம்பித்ததும் என்னால் நிறுத்த முடியவில்லை. "மாத்திர டப்பாக்குள்ள ஒரு தாள மடிச்சு வச்சிருப்பாங்கல்ல? அதப் பிரிச்சுப் படிச்சுட்டு என் புக்குக்குள்ள சொருகி வச்சிருவாக்கா. என் புக்கு பூரா அந்தத் தாளுதான். அப்பா பூச்சிமருந்து வாங்கிட்டு வந்தா அந்த பாட்டில்ல ஒட்டிருக்கதயும் விடமாட்டா. அம்மாவுக்கு பிரஷர் மாத்திர வாங்கப் போனா, இத ஏன் சாப்பாட்டுக்கு முன்னாடி, அத ஏன் பின்னாடின்னு கடக்காரண்ணன நோண்டிக்கிட்டே இருப்பா. நான் வெயில்ல சைக்கிளப் புடிச்சிக்கிட்டே நிக்கணும். அதனால எத்தன தடவ ஸ்கூலுக்கு லேட்டு தெரியுமா?"

"ஏய், வாய மூடுடி!" என்றாள் கவிதா. முகம் சிவந்திருந்தது.

"இந்தா, கோவம் வந்துருச்சு," என்று அக்கா சிரித்தார். பிறகு கணினித் திரையை அணைத்துவிட்டு, கவிதாவிடம் சாதாரணமாகக் கேட்டார். "அந்தத் தாள்ல என்னதான் இருக்கும்?"

அக்கா காத்திருந்தார். இரண்டு பேர் ஜெராக்ஸுக்கு வந்து நின்றார்கள். அவர்களைக் கையால் அமர்த்தினார். பிறகு கவிதா பேசினாள். சில மாத்திரைகளை ஏன் உடைத்துப் போடக்கூடாது, மேலே பூசியிருப்பது வயிற்றில் கரையாமல் குடலில் போய்க் கரைவதற்காக என்றாள். ஒரு மாத்திரையோடு இன்னொன்றைச் சேர்த்தால் என்ன ஆகும் என்று எப்படிக் கண்டுபிடிப்பார்கள் என்பதுதான் அந்தத் தாளில் இல்லை, அதைத்தான் தேடுகிறேன் என்றாள். அவளோடு ஒரே பாயில் படுத்து வளர்ந்தவள் நான். அவள் அவ்வளவு வார்த்தைகளைத் தொடர்ந்து பேசி அன்றுதான் கேட்டேன்.

அக்கா திரையைப் போட்டு மருந்தியல் படிப்பைக் காட்டினார்.

"மருந்துக் கடையில நிக்கிறதுக்கா நாலு வருஷம்?" என்றார் அப்பா.

"கடையில நின்னாத்தான் என்னண்ணே? அது மட்டும் இல்ல. மருந்து செய்யிற எடம், சோதிக்கிற எடம், ஆஸ்பத்திரி, எல்லாத்துக்கும் இவங்க வேணும்."

"அந்தக் காலேஜ் பஸ்ஸு நம்ம பக்கம் வராதே?"

"பஸ்ஸு நாலு வருஷம் வரும்ணே. படிப்பு அதுக்கப்புறமும் கூடவே வரும்."

அப்பா எழுந்து வெளியே போனார். டீக்கடையில் தனியாக நின்று டீ குடிப்பது கண்ணாடி வழியாகத் தெரிந்தது. அம்மா அக்காவின் முகத்தைப் பார்த்தார். அக்கா அப்பாவைக் கூப்பிடவும் இல்லை, சமாதானம் சொல்லவும் போகவில்லை. யாருடைய பட்டாவையோ எடுத்து அச்சடித்துக்கொண்டிருந்தார். சாயங்காலம் நெருங்கிக்கொண்டிருந்தது. கவிதா நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அப்பா உள்ளே வந்து, "போடும்மா. அவ சித்தப்பன்கிட்ட அவளே சொல்லிக்கட்டும்," என்றார்.

கவிதா அன்றைக்கே சித்தப்பாவிடம் சொன்னாள்.

அக்காவின் கணிப்பு எப்போதும் சரியாக இருந்தது என்று நான் எழுதினால் அது அவருக்கே பிடிக்காது. அந்த நாற்காலியில் உட்கார்ந்த கதிர் அண்ணனைப் பற்றி அவரே எல்லோரிடமும் சொல்வார். ஓயாமல் போனில் லாரி வீடியோ பார்க்கிறான் என்று வீட்டில் திட்டினார்கள். அக்கா அவரை ஆட்டோமொபைல் படிக்கச் சொன்னார். அவர் பாதியில் விட்டுவிட்டு வந்துவிட்டார். அவருக்கு வேண்டியிருந்தது வண்டியின் எஞ்சின் இல்லை, ஊர் ஊராகப் போவது. "அவன் விஷயத்துல நான் அவசரப்பட்டுட்டேன். திட்டக் கேட்டேன், அதுக்குள்ள என்ன இருக்குன்னு கேக்கல," என்பார் அக்கா. கதிர் அண்ணன் இப்போது அறுவடை இயந்திரம் ஓட்டுகிறார். அறுப்பு எங்கே நடக்கிறதோ அங்கெல்லாம் மாவட்டம் மாவட்டமாகப் போகிறார். அக்காவை எப்போது பார்த்தாலும், "என்னக்கா, எனக்கு அடுத்த படிப்பு என்ன?" என்று சீண்டுவார். அக்கா கையிலிருக்கும் காகிதத்தால் அவரை அடிப்பார்.

கவிதா மருந்தியலில் சேர்ந்த பிறகு எல்லாம் சுலபமாகிவிடவில்லை. முதல் வருடத்தில் ஒரு தாளில் தேறவில்லை. ஆங்கிலத்தில் நடத்துவது புரியவில்லை என்று விடுதியிலிருந்து போனில் அழுதாள். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் இருந்ததே எங்களுக்குப் பயமாக இருந்தது. அவள் அந்தத் தாளைத் திரும்ப எழுதித் தேறினாள்.

இந்தப் பொங்கல் விடுமுறைக்கு வந்தபோது அப்பா சம்பா வயலுக்கு அடிப்பதற்காக இரண்டு பாட்டில் மருந்து வாங்கி வைத்திருந்தார். இரண்டையும் கலந்து அடிக்கும்படி கடையில் சொன்னார்களாம். கவிதா பாட்டிலைத் திருப்பிப் பார்த்தாள். "அப்பா, இதயும் அதயும் கலக்கக் கூடாது. அறுப்பு நெருங்கிருச்சு, இப்ப அடிக்கவும் கூடாது," என்றாள்.

"ஊரே அடிக்கிது. நீ ரெண்டு வருஷம் படிச்சுட்டு வந்து எனக்குச் சொல்றியா?"

"ஆமா, சொல்லுவேன்!"

அப்பா கத்தினார். கவிதாவும் கத்தினாள். அம்மா கரண்டியோடு ஓடி வந்தார். அந்தச் சண்டையில் அப்பா அவளைத் திமிர் பிடித்தவள் என்றார். கவிதா கொல்லைப் பக்கம் போய்த் தமிழக்காவுக்குப் போன் போட்டாள். ஸ்பீக்கரில் இருந்ததால் நானும் கேட்டேன்.

"அக்கா, எனக்குத் திட்டு விழுந்துருச்சு."

"என்னது! எதுக்குடி?"

கவிதா சொன்னாள். அக்கா சிரித்த சிரிப்பில் போன் அதிர்ந்தது. "இனிப்பு வாங்கிட்டு வாடி கடைக்கு," என்றார். அப்பா மறுநாள் யாரிடமும் சொல்லாமல் இரண்டு பாட்டிலையும் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தார். கவிதா கல்லூரிக்குத் திரும்பும் அவசரத்தில் இனிப்போடு போகவில்லை. அடுத்த முறை போகலாம் என்றிருந்தாள்.

என்னைப் பற்றியும் ஒரு வார்த்தை. எனக்கு எதற்குத் திட்டு விழும் என்று எல்லோருக்கும் தெரியும். அடுப்பில் பால் பொங்குவது தெரியாமல் புத்தகம் படிப்பேன். அதனால் எனக்கு இலக்கியம்தான் என்று நானே முடிவு செய்து ஒருநாள் அக்காவிடம் சொன்னேன். அவர் தலையாட்டவில்லை. "படிக்கிறது எல்லாத்துக்கும் பொதுடி. எதப் படிக்கிறப்ப பால் பொங்குது, எதப் படிக்கிறப்ப வாசன வந்ததும் எந்திரிச்சுப் போயிர்ற? அதப் பாரு. இப்பவே சொல்லணும்னு இல்ல," என்றார். நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இன்னும் தெரியவில்லை.

டீக்கடை அண்ணன் செய்தி சொன்ன அன்று அக்காவின் வீட்டுக்கு நாங்கள் போனபோது தெருவே நிறைந்திருந்தது. கவிதா தஞ்சாவூர் விடுதியிலிருந்து கிடைத்த முதல் பஸ் பிடித்து வந்திருந்தாள். கதிர் அண்ணன் பந்தல்கால் நட்டுக்கொண்டிருந்தார். அக்காவுக்குக் கல்யாணம் ஆகவில்லை. அவருடைய அம்மா மட்டும்தான் உடன் இருந்தார். அந்த அம்மா அழவில்லை. மகளின் தலைமாட்டில் உட்கார்ந்து அவரைத் திட்டிக்கொண்டிருந்தார்.

"ஊரான் வீட்டுப் புள்ளைங்கள ஒக்கார வச்சிக்கிட்டு வாயப் பாத்துக்கிட்டு இருப்பியேடி. சோறு ஆறிப்போவுது வாடின்னா, இந்தா இந்தப் புள்ள சொல்லி முடிக்கட்டும்மாம்பியே. யாரு எவ்வளவு நேரம் பேசுனாலும் கேட்டுக்கிட்டு ஒக்காந்திருப்பியே. நான் எத்தன நாளு கத்திருப்பேன். ஒரு நாளாச்சும் கேட்டியாடி நீ?"

அங்கே நின்றவர்களில் எத்தனையோ பேர் அக்காவின் எதிரே அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர்கள். யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. கவிதா போய் அந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள்.

அக்காவை எடுத்துக்கொண்டு போன ஆண்கள் திரும்பிக் குளித்துவிட்டுத் தெருமுனையில் நின்றிருந்தார்கள். நானும் அம்மாவும் பக்கத்தில் இருந்தோம். எங்கள் தூரத்து உறவினர் ஒருவர் அப்பாவிடம் கேட்டார். "சின்னது இந்த வருஷம் பிளஸ் டூதானே? என்ன சேக்கப் போறீங்க? எங்க பக்கத்துக் காலேஜ் பஸ் ஒங்க ஊருக்கே வருது."

கம்ப்யூட்டரைப் போட்டு விடும்மா என்று சேற்றுக்காலோடு நின்ற அதே அப்பாதான். ஈரத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டே சொன்னார்.

"தெரியல மாமா. அவளுக்கே இன்னும் தெரியல. தெரியட்டும்."

"அப்புறம் லேட்டாயிடும்யா."

"ஆவட்டும்."

அந்த உறவினர் என்னைப் பார்த்தார். முன்பென்றால் ஏதாவது ஒரு படிப்பின் பெயரைச் சொல்லித் தப்பித்திருப்பேன். அன்று சொல்லவில்லை. எனக்கு வெட்கமாகவும் இல்லை.

தமிழக்காவிடமிருந்து நான் வைத்துக்கொள்வது இதைத்தான். ஒருவருக்கு என்ன வேண்டும் என்று அவருக்கே தெரியாதபோது, அவசரப்பட்டு ஒன்றை எடுத்து அவர் கையில் திணிக்காமல், அவர் சொல்லி முடிக்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருப்பது. அக்கா அதை என் அப்பாவுக்குக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். அப்பா எனக்குக் கொடுத்திருக்கிறார்.